அப்பா ரெக்கவர் ஆகிட்டார்னு சொன்னேனே

அன்பு சரவணா,

கல்யாணப் பத்திரிகை அச்சாகி வந்துவிட்டது. உன் பெயரும் கலையின் பெயரும் தங்க எழுத்தில் நன்றாகவே விழுந்திருக்கின்றன. கீழே உன் அப்பா பெயரையும் என் பெயரையும் சேர்த்து "தங்கள் நல்வரவை நாடும்" என்று போட்டிருக்கிறார்கள். அதை உன் அப்பாவிடம் காட்டினேன். கண்ணாடி போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தார். "மல்லிகா பேர கரெக்டா போட்டிருக்காங்க. அவ வந்து பாத்தா சந்தோஷப்படுவா" என்றார். நான் அவர் எதிரில்தான் நின்றுகொண்டிருந்தேன். உன் அம்மாவின் பெயர் மல்லிகா என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

நீ வருவதற்கு முன்னால் இது உனக்குத் தெரிந்திருக்க வேண்டும். போனில் சொல்ல என்னால் முடியாது. என் குரல் கொஞ்சம் மாறினாலும் நீ அன்றைக்கே டிக்கெட் போட்டுவிடுவாய். அதனால் வேங்கிக்காலில் என் டைப்பிங் கடையில் உட்கார்ந்து டைப் செய்கிறேன். கலெக்டர் ஆபீஸுக்குத் திங்கட்கிழமை மனு கொடுக்க வருகிற கூட்டம் முடிந்துவிட்டது. இன்று ஆள் நடமாட்டம் இல்லை. ஊர்க்காரர்களின் குறையையெல்லாம் ஒரு பக்கத்துக்குள் சுருக்கி அடித்துக் கொடுக்கிறவள் நான். என் வீட்டு விஷயம் அப்படிச் சுருங்கவில்லை. கொஞ்சம் பொறுமையாகப் படி.

கீழ்பென்னாத்தூரில் ஒரு விவசாயியின் மோட்டாருக்குக் காயில் கட்டிக் கொடுத்துவிட்டுத் திரும்பும்போது, ரோட்டில் காயப் போட்டிருந்த நெல்லில் வண்டி சறுக்கி அப்பா விழுந்தது உனக்குத் தெரியும். நீ அயர்லாந்திலிருந்து ஓடி வந்தாய். ஐசியூ வாசலில் நாம் இரண்டு பேரும் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தோம். டாக்டர் வெளியே வந்து "ஸ்டேபிளா இருக்கார்" என்று சொல்லிவிட்டுப் போனார். நான் உன்னிடம் அப்படியென்றால் என்னவென்று கேட்டேன். "மோசமாகலன்னு அர்த்தம்மா" என்றாய். "நல்லாயிட்டு வரார்னு அர்த்தமா?" என்று கேட்டேன். "அதுவும் இல்லம்மா" என்றாய். அந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு இடம் இருக்கிறது, அங்கே ஒரு மனிதன் இருக்க முடியும் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. நம் ஊரில் "தேறிட்டார்" என்போம், இல்லையென்றால் "தேறல" என்போம். அந்த நடு இடத்துக்குச் சொல்ல நம்மிடம் வார்த்தை எதுவும் எனக்குத் தோன்றவில்லை. அன்றிலிருந்து அவர்கள் சொன்ன ஒவ்வொரு ஆங்கில வார்த்தைக்கும் என்ன அர்த்தம் என்று நான் கேட்டுத் தெரிந்துகொண்டேன். டாக்டர்கள் பொய் சொன்னதே இல்லை. நான்தான் அந்த வார்த்தைகளை அவை சொல்வதைவிடப் பெரிதாக எடுத்துக்கொண்டேன்.

அப்பா கண் திறந்த அன்று "ஓரியன்டடா இருக்காரான்னு பாக்கலாம்" என்று சொல்லி, ஊர், ஆள் தெரிகிறதா என்று டாக்டர் கேள்வி கேட்டார் இல்லையா? எந்த ஊர் என்றார், திருவண்ணாமலை என்றார் அப்பா. பையன் பேர் என்றார், சரவணன் என்றார். நீ முகத்தை மூடிக்கொண்டு அழுதாய். அப்புறம் டாக்டர் என்னைக் காட்டி "இவங்க யாரு?" என்று கேட்டார். அப்பா என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "என் சம்சாரம் மாதிரி இருக்காங்க" என்றார். எல்லோரும் சிரித்தோம். நர்ஸ் சிரித்தார், நீ சிரித்தாய், நானும் சிரித்தேன். அவர் எப்போதும் அப்படிக் கிண்டலாகப் பேசுகிறவர்தானே. வார்டுக்கு மாற்றியதும் உன் லீவு முடிந்து நீ கிளம்பிவிட்டாய்.

தையல் பிரித்தபோது "நல்லா ஹீல் ஆயிருக்கு" என்றார்கள். உண்மைதான். இப்போது அந்த இடத்தில் முடி வளர்ந்து தழும்பே தெரிவதில்லை. வீட்டுக்கு வந்த புதிதில் சாப்பிட்டார், பேப்பர் படித்தார், வாசலில் நின்று மலையைப் பார்த்தார், மிக்ஸியைக் கழற்றி ரிப்பேர் செய்தார். என்னிடம் மட்டும் ரொம்ப மரியாதையாகப் பேசினார். "தண்ணி கொஞ்சம் தரீங்களா?", "உங்களுக்கு எதுக்கு சிரமம்." கல்யாணமான நாளிலிருந்து என்னை நீ, வா, போ என்றே பேசிய மனிதர். ஆஸ்பத்திரியில் எல்லோரிடமும் அப்படிப் பேசிப் பழகிவிட்டது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். உண்மையைச் சொன்னால், அது எனக்குக் கொஞ்சம் பிடித்துக்கூட இருந்தது.

ஒரு நாள் குளித்துவிட்டு நீலப் புடவையைக் கட்டிக்கொண்டு வந்தேன். நீ முதல் சம்பளத்தில் எடுத்துக் கொடுத்தாயே, அது. அப்பா பேப்பரை மடித்து வைத்துவிட்டு, "தப்பா நெனைக்காதீங்க. அவங்க புடவைய நீங்க கட்ட வேணாம்" என்றார். யாருடைய புடவை என்று கேட்டேன். "மல்லிகாவோடது. அவளுக்கு இந்தப் புடவைன்னா உசுரு." குரலில் கோபமே இல்லை. பக்கத்து வீட்டிலிருந்து வந்தவரிடம் செருப்பை வெளியே விடச் சொல்வது போலச் சொன்னார். அன்று சாயங்காலம் பீரோவைப் பூட்டிச் சாவியை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார். மறுநாள் நான் தேரடி வீதிக்குப் போய் மாற்றிக் கட்ட எனக்குப் புதிதாகப் புடவைகள் வாங்கிக்கொண்டேன். என் வீட்டில் இருப்பதற்கு.

நான்தான் மல்லிகா என்று எத்தனையோ விதமாகச் சொல்லிப் பார்த்தேன். அவர் என்னைச் சோதித்தார். கல்யாணத்தன்று மழை பெய்ததா, உன்னை எந்த ஆஸ்பத்திரியில் பெற்றேன், அவருடைய அப்பா கடைசியாக என்ன கேட்டார் என்றெல்லாம் கேட்டார். எல்லாவற்றுக்கும் சரியாகச் சொன்னேன். சொல்லச் சொல்ல அவர் முகம் வெளுத்துக்கொண்டே போனது. "நல்லா சொல்லிக் குடுத்திருக்காங்க" என்றார். என் கழுத்து மச்சத்தை விரலால் தொட்டுப் பார்த்தார். "இதக் கூட அதே எடத்துல வெச்சிருக்காங்க" என்று மெதுவாகச் சொன்னார். பிறகு ஒரு மத்தியானம், நான் தரையில் உட்கார்ந்து பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தபோது, என் எதிரில் வந்து குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். "அவள என்ன பண்ணீங்க? உயிரோட இருக்காளான்னு மட்டும் சொல்லுங்க. நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்." வெளியே நல்ல வெயில். பக்கத்து வீட்டில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. நான் அரிவாள்மணையை மடக்கி வைத்துவிட்டேன். அவரைப் பார்த்துப் பயந்தேன் என்று நினைக்காதே. அவர் அவ்வளவு நிச்சயமாகக் கேட்டதில், ஒரு கணம், அவளை நான் என்னதான் செய்தேன் என்று எனக்கே தோன்றிவிட்டது. எழுந்து போய்க் கண்ணாடியில் முகத்தைப் பார்த்துவிட்டு வந்தேன்.

உன் மாமா வந்து பார்த்துவிட்டு, காத்து கருப்பு பட்டிருக்கும், விழுந்த இடத்தில் ஏதோ பிடித்திருக்கிறது, மந்திரிக்கலாம் என்றான். நான் சம்மதிக்கவில்லை. வேலூரில் ஒரு லேடி டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். அந்தப் பெண்ணுக்கு உன் வயதுதான் இருக்கும். அந்த நோய்க்கு ஒரு பெயர் சொன்னார், என் வாயில் நுழையவில்லை. ஆனால் நன்றாகப் புரிய வைத்தார். "முகம் அவருக்குத் தெரியுதும்மா. அந்த முகத்தப் பாத்தா உள்ள வர வேண்டிய உணர்வு மட்டும் வரல. ரொம்ப நெருங்கினவங்ககிட்டதான் இது வரும். அந்த உணர்வு இல்லாததால, இது வேற யாரோன்னு மூளை முடிவு பண்ணிடுது." நான் நெருங்கினவளாக இல்லாமல் இருந்திருந்தால் அவருக்கு என்னைத் தெரிந்திருக்கும். பால்காரரைத் தெரிகிறது, எலக்ட்ரிக் கடைக்காரரைத் தெரிகிறது.

டாக்டர் ஃபைலில் "ரெக்கவரிங்" என்று எழுதியதைப் பார்த்தேன். எனக்கு நம் பழைய ஸ்கூட்டர் ஞாபகம் வந்தது. நீ ஸ்கூல் படிக்கும்போது அது திருட்டுப் போய், கொஞ்ச நாள் கழித்துப் போலீஸ் ஸ்டேஷனிலிருந்து போன் வந்ததே, "உங்க வண்டி ரெக்கவர் ஆயிடுச்சு, வந்து எடுத்துக்குங்க" என்று. அப்பா போய் ஓட்டிக்கொண்டு வந்தார். அதே நம்பர், அதே கலர், சீட்டில் நீ கீறிய கீறல். ஆனால் எஞ்சின் சத்தம் வேறு. "நம்ம வண்டிதான். ஆனா நம்ம வண்டி இல்ல" என்றார் அன்றைக்கு. ஆங்கிலத்தில் உடம்பு தேறுவதற்கும் களவு போன பொருள் திரும்பக் கிடைப்பதற்கும் ஒரே வார்த்தைதான் என்று எனக்கு அந்த ஆஸ்பத்திரி வராண்டாவில்தான் உறைத்தது. நம் வீட்டில் களவு போனது யார் என்றுதான் எனக்கும் அவருக்கும் தகராறு.

நீ கேட்கும்போதெல்லாம் "அப்பா ரெக்கவர் ஆகிட்டார், இம்ப்ரூவ்மென்ட் இருக்கு" என்று சொல்லி வைத்தேன். தமிழில் சொல்லியிருந்தால் பாதியிலேயே அழுதிருப்பேன். நெட் சரியில்லை என்று சொல்லி வீடியோ காலைத் தவிர்த்தேன். முதல் தடவை நீ வீடியோவில் வந்தபோது அப்பா உன்னோடு நன்றாகத்தான் பேசினார். வைத்த பிறகு போனைக் கவிழ்த்துப் போட்டுவிட்டு, "பையனுக்கும் ஆள் போட்டுட்டாங்க" என்றார். அதன்பிறகு குரலில் மட்டும் பேச வைத்தேன். குரலில் நீ அவருக்கு நீயாகவே இருந்தாய். அது எப்படி எனக்குத் தெரிந்தது என்றால், என் குரலால் தெரிந்தது.

ஒரு நாள் சமையலறையிலிருந்து, யோசிக்காமல், "என்னங்க, கேஸ் தீந்துடுச்சு" என்று கத்தினேன். ஹாலிலிருந்து, "மல்லி? வந்துட்டியா?" என்று பதில் வந்தது. அந்தக் குரலை நான் கேட்டுப் பல மாதம் ஆகியிருந்தது. ஓடி வருகிற சத்தம் கேட்டது. கதவருகே வந்து என்னைப் பார்த்தார். முகத்தில் இருந்த வெளிச்சம் அப்படியே இறங்கியது. "ஓ, நீங்களா" என்றார். டாக்டரிடம் சொன்னேன். முகத்தைப் பார்க்காமல் குரலை மட்டும் கேட்டால் சிலருக்கு அந்த உணர்வு வரும் என்றார்.

அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் மொட்டை மாடிக்குப் போய், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டு, கீழே இருக்கிற உன் அப்பாவுக்குப் போன் செய்தேன். "எங்கடி இருக்க? இவ்ளோ நாளா போன்கூட பண்ணல" என்று சண்டை போட்டார். அம்மா வீட்டில் இருக்கிறேன், உடம்பு சரியில்லை என்று ஏதோ சொன்னேன். பிறகு வீட்டிலிருக்கிற அந்தப் பெண்ணைப் பற்றிச் சொன்னார். "நல்ல பொம்பளதான். உன்ன மாதிரியே கொழம்பு வெக்கிறாங்க. ஆனா எனக்கு பயமா இருக்கு மல்லி. சத்தமே இல்லாம நடக்கறாங்க. நான் தூங்குறனான்னு வந்து வந்து பாக்கறாங்க." நான் எதிரில் இருந்த மலையைப் பார்த்துக்கொண்டு கேட்டேன். போர்வை விலகியிருக்கிறதா என்று பார்க்கத்தான் நான் போவேன். மறுநாளிலிருந்து கால் கொலுசை எடுத்து மாட்டிக்கொண்டேன், வருவது அவருக்குத் தெரியட்டும் என்று.

சரவணா, இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன். அப்படிப் போனில் பேசிய நாட்கள்தான் எங்கள் வாழ்க்கையிலேயே நல்ல நாட்கள். எதிரில் இருக்கும்போது ஒரு நாளும் சொல்லாததையெல்லாம் சொன்னார். முதல் கடை மூடினபோது மனசு எப்படி உடைந்தது, நீ ஏரோப்ளேன் ஏறின அன்று பாத்ரூமில் தண்ணீரைத் திறந்துவிட்டு எப்படி அழுதார், எல்லாம். போனை வைத்துவிட்டுக் கீழே இறங்கி வந்தால், அந்த மனிதரே வேற்று ஆளைப் பார்ப்பது போல என்னைப் பார்த்துக் கால்களை மடக்கிக்கொண்டு ஒதுங்கி உட்காருவார். படி இறங்கும்போதெல்லாம் நான் ஒருத்தியாக ஏறி இன்னொருத்தியாக இறங்குகிற மாதிரி இருக்கும்.

ஒரு சாயங்காலம் பேசிக்கொண்டே இறங்கிவிட்டேன். மழை பிடித்துக்கொண்டது, அவர் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார், நானும் சிரித்துக்கொண்டே வந்துவிட்டேன். போனைக் காதில் வைத்தபடி அவர் நிமிர்ந்து பார்த்தார். என் வாய் அசைவதையும் காதில் கேட்பதையும் சேர்த்துப் பார்த்தார். ஒருவேளை இப்போது புரிந்துவிடும் என்று நினைத்து, அவர் கண்ணைப் பார்த்துக்கொண்டே போனில் "நான்தாங்க" என்றேன். அவர் போனை மெல்லக் கீழே வைத்தார். "அவ குரலையும் எடுத்துட்டீங்களா?" என்றார்.

அதற்குப் பிறகு நான் போன் செய்தால் அவர் எடுக்கவில்லை. ரிங் அடிக்கும், அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். வீட்டில் பேச்சு நின்றது. சாப்பாட்டை நான் ஒரு வாய் சாப்பிட்டுக் காட்டினால்தான் தட்டைத் தொட்டார். நான் போன மாதம் பேசும்போது ஜலதோஷம் என்று சொன்னேனே, அது அழுத குரல்.

அந்த வாரத்தில்தான் பௌர்ணமி வந்தது. மத்தியானமே கிரிவலக் கூட்டம் தொடங்கிவிட்டது. அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனார். நான் கொஞ்சம் இடைவெளி விட்டுப் பின்னாலேயே போனேன். அவர் மலையைப் பார்க்கவில்லை, எந்த லிங்கத்துக்கும் நின்று கும்பிடவில்லை. எதிரிலும் பக்கத்திலும் வருகிற பெண்களின் முகத்தை மட்டும் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு நடந்தார். சிலர் முறைத்தார்கள். ஒருத்தியின் தோளைத் தொடப் போய்க் கையை இழுத்துக்கொண்டார். இவ்வளவு கூட்டத்தில் அவள் ஒருத்தி இருந்துவிட மாட்டாளா என்று அவர் தேடுவதைப் பார்த்தபோது, நானும் என்னையறியாமல் அந்த முகங்களைப் பார்க்க ஆரம்பித்துவிட்டேன். எங்கேயாவது நீலப் புடவையில் அவள் வந்துவிடுவாளோ என்று. அப்படி வந்தால் நான் எங்கே போவேன் என்றுகூட ஒரு நினைப்பு ஓடியது.

அடி அண்ணாமலையில் ஒரு டீக்கடை பெஞ்சில் களைத்துப்போய் உட்கார்ந்தார். நான் போய் பெஞ்சின் மறு ஓரத்தில் உட்கார்ந்தேன். அவர் என்னைப் பார்த்தார், எழுந்து போகவில்லை.

"நீங்க எதுக்கு வந்தீங்க?"

"தேடிக்கிட்டு வந்தேன்."

"யார?"

வாயில் வந்தது, சொல்லிவிட்டேன். "எங்க வீட்டுக்காரர. தலையில அடிபட்டு ஆஸ்பத்திரிக்குப் போனாரு. ரெக்கவர் ஆயிட்டார்னு சொன்னாங்க. ஆனா அவரு இன்னும் வீட்டுக்கு வரல."

அவர் என் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். "நீங்க தனியாளுன்னுதான் நெனச்சுட்டு இருந்தேன், உங்களுக்கும் ஒரு வீட்டுக்காரர் இருப்பாருன்னு தோணவே இல்ல" என்றார். பிறகு கடைக்காரரிடம், "இவங்களுக்கும் ஒரு டீ. சக்கரை கம்மியா" என்றார். டீயில் சர்க்கரை கம்மி என்பது மல்லிகாவின் பழக்கம்; அவர் வேற்று ஆளாக நினைக்கிற அந்தப் பெண் அதை அவரிடம் சொன்னதே இல்லை. அவருக்கும் அது உறைக்கவில்லை. நானும் சுட்டிக்காட்டவில்லை. டீ குடித்துவிட்டு இரண்டு பேரும் சேர்ந்து மீதித் தூரத்தை நடந்தோம். அவர் அந்தப் பக்கம் வருகிறவர்களைப் பார்த்தார், நான் இந்தப் பக்கம் வருகிறவர்களைப் பார்த்தேன்.

இதை டாக்டரிடம் சொன்னேன். "பார்ஷியல் ரெக்கவரின்னு வெச்சுக்கலாம்மா. மாத்திரைய விடாதீங்க, வாதாடாதீங்க" என்றார். முழுசாகச் சரியாகுமா என்று கேட்டேன். ஆகிறவர்களும் உண்டு, ஆகாதவர்களும் உண்டு, இப்போதே சொல்ல முடியாது என்றார். இந்தத் தடவை அந்த வார்த்தையை அதன் அளவுக்குத்தான் எடுத்துக்கொண்டேன். பாதி என்றால் பாதி. சாப்பாட்டை இப்போது நான் ருசி பார்த்துக் காட்ட வேண்டியதில்லை. போன வாரம் பீரோ சாவியை டிவி மேல் வைத்துவிட்டு மறந்துபோனார், நான் எடுக்கவில்லை.

நீ வரும்போது கலையிடம் எல்லாவற்றையும் முன்கூட்டியே சொல்லிவிடு. விஷயம் தெரியாமல் அவளை இந்த வீட்டுக்குள் கூட்டி வராதே. வாசலில் அப்பாவைக் கட்டிப்பிடிக்க ஓடாதே. "நான்தான் உங்க பையன்" என்று சொல்லாதே, சாட்சி காட்டாதே, சின்ன வயசுக் கதையெல்லாம் எடுக்காதே. நீ சரியாகச் சொல்லச் சொல்ல அவருக்குப் பயம் கூடும். வணக்கம் சொல்லிவிட்டு உட்கார். வந்தவர்களுக்கு அவர் மரியாதை குறைக்க மாட்டார், தண்ணீர் கொடுப்பார், அதை வாங்கிக் குடி. "நீங்க" என்று உன்னைக் கூப்பிடும்போது உனக்குக் கஷ்டமாக இருக்கும். இருக்கட்டும், முகத்தில் காட்டாதே. உன் அப்பா கெட்டுப்போகவில்லை. நம் இரண்டு பேருக்காகக் கவலைப்பட்டுக்கொண்டு, நம்மைத் தேடிக்கொண்டுதான் இருக்கிறார். அவ்வளவு அன்பு வைத்தவரிடம் போய்க் கோபப்படக் கூடாது.

மணையில் உட்காருவது பற்றித்தான் எனக்குக் கவலையாக இருந்தது. அப்பா பக்கத்தில் நான் இல்லாமல் பாத பூஜையும் மற்றதும் எப்படி நடக்கும், எல்லோர் முன்னாலும் அவர் எழுந்து போய்விட்டால் என்ன செய்வது என்று யோசித்துக்கொண்டே இருந்தேன். இன்று காலை நான் கடைக்குக் கிளம்பும்போது அவரே வாசல் வரை வந்து நின்றார்.

"ஒண்ணு கேக்கணும். தப்பா எடுத்துக்காதீங்க. மல்லிகா அதுக்குள்ள வரலன்னா, பையன் கல்யாணத்துல என் பக்கத்துல நீங்க உக்காருவீங்களா?"

நான் செருப்பை மாட்டிக்கொண்டு குனிந்தபடியே நின்றேன். நிமிர்ந்தால் முகம் காட்டிக் கொடுத்துவிடும் போலிருந்தது. "எங்க வீட்டுக்காரர்கிட்ட ஒரு வார்த்த கேட்டுக்கிட்டு சொல்றேன்" என்றேன்.

"கேளுங்க" என்றார். "அவரு ஒண்ணும் சொல்ல மாட்டாரு."

அம்மா